தனியா வச்சுக்க வேண்டிய நூறு டொலர்

தலவாக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் தம்பியும் நல்ல சுகம். அதேபோல நீயும் சுகமா இருக்க முருகன் துணை. இங்க நாலு நாளா மழை விடல. அப்பா காலையில தோட்டத்துல பேர் பதியிற பிரட்டுக்குப் போறப்பவே நனைஞ்சுதான் போறார்.

நேத்து போன்ல பேசினப்ப பாதியில சிக்னல் போயிருச்சு. "600 சிங்கப்பூர் டொலர் சேத்து வச்சிருக்கேன்மா, சிங்கப்பூர்ல ஒரு வாரத்துக்குக் காணுமா"ன்னு கேட்ட. பதில் சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சு. அதுக்கு முன்னால நீ வாசிச்ச லிஸ்ட்தான் ராத்திரி பூரா என் மனசுல ஓடுச்சு. சித்திக்கு சென்ட் போத்தல், மாமாவுக்கு ஷர்ட், பெரியம்மா பேரனுக்குச் சப்பாத்து, நம்ம லயத்து வரிசை வீடு எல்லாத்துக்கும் சொக்கலேட். பதினாலு பேர் இருந்துச்சு பாப்பா, நான் விரல் விட்டு எண்ணினேன். அதுல உன் பேர் இல்ல. சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கன்னு கேட்டா, "அது பாத்துக்கலாம்மா"ன்ன. அதுக்காகத்தான் இதை எழுதுறேன். போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவ. தம்பி செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வரும்போது இதைக் கொண்டாந்து தருவான்.

நான் அந்த ஊருக்கு வீட்டு வேலைக்குப் போனது 2004ல. உனக்கு நாலு வயசு. 2008ல திரும்பி வந்தப்ப எட்டு. அந்த நாலு வருஷத்துல நான் பாத்த சிங்கப்பூர், பதினோராம் மாடியில ஒரு வீடும், அந்த வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போற பூங்காவும், மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்காவும்தான். ஆனா அந்த வீட்டுக் கடைகண்ணிக் கணக்கெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. என்னோட வேலை செஞ்ச ஒருத்தி இன்னும் அங்கதான் இருக்கா. இன்னைக்கு விலை எப்படின்னு போன வாரம் அவகிட்ட ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வச்சிருக்கேன்.

திரும்பி வந்த கதைய நான் உனக்கு முழுசா சொன்னதில்ல. பெட்டியத் தொறந்தப்ப நீ குதிச்சது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசி மாசச் சம்பளம் அவ்வளவும் முஸ்தபா கடையில போயிருச்சு. ஒருத்தரையும் விட்டுறக் கூடாதுன்னு வாங்கினேன். போர்வை, டோர்ச் லைட், கோடாலித் தைலம், உனக்கு ஸ்கூல் பேக். சாங்கி எயார்போர்ட்ல தராசுல வச்சா ஏழு கிலோ கூட. கௌன்டர்ல நின்ன பிள்ளை, ஒண்ணு காசு கட்டுங்க, இல்லாட்டி சாமானைக் குறைங்கன்னு சொன்னா. பெட்டிய அந்த இடத்துலயே தரையில விரிச்சேன். பின்னால வரிசையில நின்னவங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எதை எடுக்கிறது? ஒவ்வொண்ணையும் தூக்கும்போது ஒரு முகம் வருது. கடைசியில எனக்குன்னு ஆசையா வாங்கின குக்கரை எடுத்து வெளிய வச்சேன். மிச்ச கிலோவுக்குக் கைல இருந்த நோட்டையெல்லாம் கட்டினேன்.

கட்டுநாயக்க எயார்போர்ட்ல எறங்கினப்ப என்கிட்ட இருந்தது 3 டொலர் 40 காசு. எல்லாம் சில்லறை. காசு மாத்துற இடத்துல நோட்டு மட்டும்தான் எடுப்போம்னு தள்ளி விட்டாங்க. உங்கப்பா வேன் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார், கூலிய நான் கொடுப்பேன்னு நம்பி. நாலு வருஷம் வெளிநாட்டுல உழைச்சவ, லயத்து வாசல்ல எறங்கின கையோட கடை முதலாளிகிட்ட கடன் வாங்கித்தான் அந்த வேன்காரருக்குக் கொடுத்தேன். அந்தக் கடனை அடைக்க ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமையில கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தேன்.

நீ அப்படி வரக் கூடாது. அதனால 600 டொலரையும் வீட்டுல வச்சே பிரிச்சிரு. முதல்ல ரெண்டு 50 டொலர் நோட்டு தனியா. இந்த நூறும் செலவுக் காசு இல்ல. பர்ஸ்ல வைக்காத, பாஸ்போர்ட்டோடயும் வைக்காத, துணிப் பெட்டிக்குள்ள வேற ஒரு இடத்துல வை. திடீர்னு காய்ச்சல், பை காணாமப் போறது, எயார்போர்ட்ல கிலோ கூடுறது, இதுக்கு மட்டும்தான் அதைத் தொடணும். ஒண்ணும் நடக்கலன்னா அப்படியே வீட்டுக்குக் கொண்டு வா.

அடுத்தது டிக்கெட் எடுத்துப் பாக்கிற இடங்களுக்கு 120. எந்த எந்த இடம்னு நீயும் உன் சிநேகிதிகளுமா நாலு பேரும் இப்பவே பேசி முடிவு பண்ணிருங்க. அங்க போய் வாசல்ல நின்னுக்கிட்டு முடிவெடுத்தா எல்லாத்துக்கும் உள்ள போகத்தான் தோணும். சாமான் வாங்க 80. அதுக்கு மேல ஒரு சதம் கூடாது. மிச்சம் 300 இருக்கும். அதுல 20ஐ முதல் நாள் போனுக்கு சிம், அது இதுன்னு வச்சுக்க. 280ஐ ஏழு என்வலப்ல நாப்பது நாப்பதா போட்டு, மேல கிழமைய எழுது. திங்கள்ல மிஞ்சினா செவ்வாய்க்குச் சேத்துக்கலாம். செவ்வாய்க் காசைத் திங்கள்ல எடுக்கக் கூடாது. ராத்திரி படுக்க முன்னால அன்னைக்குச் செலவை எழுதிப் பாரு, அப்பா தோட்டத்துச் சம்பளப் பதிவு செக்ரோல்ல தன் பேர் விழுந்திருக்கான்னு பாப்பாரே, அந்த மாதிரி.

இப்ப ஒரு டொலர் 235 ரூபாய்னு வச்சுக் கணக்குப் போட்டேன். நான் போன காலத்துல அது 60 ரூபாய்ச் சொச்சம். 2022ல நம்ம ரூபாய் விழுந்த விழுகையில எல்லாம் எங்கயோ போயிருச்சு. உன் 600 டொலர் 141,000 ரூபாய். இந்தக் கணக்கை இங்கயே ஒரு தரம் போட்டுப் பாத்துரு. பிளேன் ஏறின பிறகு ரூபாயில நினைக்காத. ஏன் சொல்றேன்னா, அங்க ஒரு தட்டு சோறு 5 டொலர், அதாவது 1,175 ரூபாய். 2024ல போராடிக் கூட்டிக்கிட்டப்பவே நம்ம ஒரு நாள் சம்பளம் 1,350தான் ஆச்சு. அதை நினைச்சா உனக்குத் தொண்டையில சோறு எறங்காது. எனக்கு எறங்கல. ஞாயித்துக்கிழமையில தேக்காவுல எல்லாரும் சாப்பிடும்போது, நான் வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போன பாணைத் தின்னுட்டு "பசிக்கல"ம்பேன். நாலு வருஷத்துல அங்க பிரியாணி சாப்பிட்டது ரெண்டே தரம். நீ டொலர்லயே நினை. ஒரு நாளைக்கு 40 இருக்கு, அதுல 5 சோத்துக்கு. அவ்வளவுதான்.

சாப்பாடு ஹோக்கர் சென்டர்கள்ல. பெரிய கூரைக்குக் கீழ கடைகடையா இருக்கும். சீனச் சாப்பாடு, மலாய்ச் சாப்பாடு, நம்ம தோசை எல்லாம் ஒரே இடத்துல. 2020ல யுனெஸ்கோ பட்டியல்லயே இதைச் சேத்திருக்காங்களாம். நாலுல இருந்து ஆறு டொலருக்குள்ள வயிறு நிறையும். மேசையில யாராவது டிஷ்யூ பக்கெட் வச்சிருந்தா அது அவங்க பிடிச்ச இடம், உக்காராத. சாப்பிட்ட தட்டை நீயே கொண்டு போய் வைக்கணும், இப்ப அதுக்குச் சட்டமே இருக்கு. மூணு வேளைக்கு 15, தேத்தண்ணி பழத்துக்கு ஒரு 5. இருபதுல நல்லா சாப்பிடலாம். ஒரு நேரமும் பட்டினி கிடக்காத.

ஏசி ரெஸ்டோரன்ட்ல ஒரு ராத்திரி சாப்பிடணும்னு உன் சிநேகிதிகள் ஆசைப்பட்டா நீயும் போ, ஆனா மெனுவை நல்லாப் பாரு. விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தா சர்விஸ் சார்ஜ் 10 வீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி 9 வீதம். 20 டொலர்னு நினைச்சு உக்காந்தா பில்லுல 24 வரும். நான் போனப்ப அந்த வரி 5 வீதமாத்தான் இருந்துச்சு, 2007ல 7 ஆச்சு. பொருள் வாங்கி 100 டொலருக்கு மேல போனா, சில கடைகள்ல சுற்றுலா வந்தவங்களுக்கு வரியத் திருப்பித் தர்ற ஏற்பாடு இருக்கு. அதுக்காக 70 டொலர் சாமானை நூறாக்காத. உன் கணக்கு 80தான்.

தண்ணிப் போத்தல் காசு கொடுத்து வாங்கவே வேணாம். பைப் தண்ணிய அப்படியே குடிக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் அதைத்தான் கொடுத்தேன். ஒரு போத்தலைக் கொண்டு போய் நிரப்பிக்க. ஆனா ரயிலுக்குள்ள குடிக்காத, எதையும் தின்னவும் கூடாது. 500 டொலர் வரைக்கும் அபராதம் போடலாம். ஒரு கடலைப் பக்கெட்ல உன் வாரமே போயிரும்.

போக்குவரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் போதும். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒருத்தி கார்டுல நாலு பேர் போக முடியாது. ஒரு நாளைக்கு அஞ்சாறு டொலர் வரும். டாக்சியில நாலு பேர் பிரிச்சுக்கிட்டா சில நேரம் கட்டுபடியாகும், ஆனா நடுராத்திரி 12ல இருந்து காலை 6 வரைக்கும் மீட்டருக்கு மேல பாதி கூடும். உங்க பிளேன் எந்த நேரம் எறங்குதுன்னு பாத்துக்க. நாலு பேருக்கும் சேந்த செலவை அன்னன்னைக்கு ராத்திரியே தீத்துருங்க. ஏழு நாள் சேத்து வச்சா கணக்கும் கெடும், சிநேகிதமும் கெடும்.

காசை அனுமதி உள்ள இடத்துல மட்டும் மாத்து, ரசீதுத் துண்டு வாங்கி வச்சுக்க. எயார்போர்ட்ல மொத்தமா மாத்தாத. தேக்கா பக்கம் செரங்கூன் ரோட்டுல வரிசையா கடை இருக்கு, ரெண்டு மூணு இடத்துல கேட்டுட்டு மாத்து. பேங்க் கார்டும் கொண்டு போ, ஆனா வெளிநாட்டுல பாவிச்சா எவ்வளவு பிடிப்பாங்கன்னு முன்கூட்டியே பேங்க்ல கேளு. மெஷின் "ரூபாயிலயா, டொலர்லயா"ன்னு கேட்டா டொலரை அழுத்து. ரூபாய அழுத்தினா அவங்க வச்ச ரேட்டுதான். அப்புறம், போறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள இணையத்துல ஒரு வருகை அட்டை நிரப்பணும். அரசாங்கத்தோட இணையப் பக்கத்துல அது இலவசம், யாராவது காசு கேட்டா கொடுக்காத.

காசில்லாம பாக்கக் கூடிய இடமே நிறைய இருக்கு. பூங்காவனம் ஒண்ணு இருக்கு, பொட்டானிக் கார்டன்ஸ். நம்ம பேராதனை மாதிரி. 2015ல அதுவும் யுனெஸ்கோவுல சேந்துச்சு, உள்ள போக டிக்கெட் இல்ல, ஓர்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான். அந்த வீட்டுப் பிள்ளைய நான் சாயங்காலத்துல அங்க கூட்டிட்டுப் போவேன். குளத்துக்குப் பக்கத்துல வாங்கு ஒண்ணு இருக்கும். அதுல உக்காந்து அவளுக்குச் சோறு ஊட்டுவேன். அவளும் உன் வயசுதான். ஒவ்வொரு கவளத்துக்கும் நீ இங்க சாப்பிட்டியான்னுதான் நினைப்பு ஓடும். முடிஞ்சா அந்தக் குளத்தைப் போய்ப் பாரு. மெரினா பக்கம் உயரமா இரும்பு மரங்கள் வச்சிருக்காங்களாம், ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் பாட்டோட வெளிச்சம் போடுவாங்களாம், அதுவும் இலவசம். அது 2012ல வந்தது, நான் பாக்கல. நீ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் போ. 1827ல வந்த மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டுல இருக்கு, அங்கயும் ஒரு சூடம் கொளுத்து.

சாமான் விஷயம். 80 டொலருக்கு ரெண்டு பெரிய பக்கெட் சொக்கலேட்டும் சின்னக் கோடாலித் தைலப் போத்தல் ஒரு கட்டும் வாங்கு. லயத்துக்கு அது போதும். சித்திக்கும் மாமாவுக்கும் நான் பேசிக்கிறேன். கேக்கிறவங்களுக்கு, "என் மகள் உழைச்ச காசுல ஊர் பாக்கப் போனா, சாமான் வாங்கப் போகல"ன்னு வாசல்ல நின்னு சொல்லுவேன். அந்த வாய் 2008ல எனக்கு இல்ல, இப்ப இருக்கு. அந்த 80லயும் உனக்குன்னு ஒண்ணு வாங்கணும், இது அம்மாவோட சொல்லு.

கடிதத்தோட ஒரு துணிப் பொட்டலம் வருது. தம்பிகிட்ட இருந்து பத்திரமா வாங்கிக்க. அன்னைக்கு யாரும் எடுக்காத அந்த 3 டொலர் 40 காசுதான். சாமித் தட்டுக்குக் கீழ இவ்வளவு நாளும் கிடந்துச்சு. மஞ்சளா இருக்கிற ஒரு டொலர் காசைத் திருப்பிப் பாரு, நம்ம லயத்து வாசல்ல பூக்கிற நித்தியகல்யாணிப் பூ போட்டிருக்கும். மற்றப் பக்கம் தமிழ்லயும் சிங்கப்பூர்னு பொறிச்சிருக்கும். இப்ப புதுக் காசு வந்துட்டாலும் இது இன்னும் செல்லுமாம், அங்க இருக்கிற என் கூட்டாளிகிட்ட கேட்டுட்டேன்.

தேக்கா மார்க்கெட்டுக்குள்ள போய் "தே ஓ"ன்னு கேளு. பால் இல்லாம சீனி போட்டுத் தருவாங்க, நம்ம சாயத்தண்ணிதான். வெறும் "தே"ன்னா டின்பால் ஊத்திருவாங்க. காசை இதுல இருந்து கொடு. என்வலப்ல எழுத வேணாம், இது என் கணக்கு. அவசரப்படாம உக்காந்து குடிச்சிட்டு, எனக்கு ஒரு போன் எடு.

அன்புடன்,
அம்மா