டெங்கு: ‘போன வருடமே வந்துவிட்டது’ என்பவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய விடுப்புக் கடிதம் என் மேசைக்கு வந்தது. “மூன்று நாளாகக் காய்ச்சல். டெங்குவாக இருக்காது, அது போன வருடமே வந்து போய்விட்டது” என்று அவன் அம்மா எழுதியிருந்தார். இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. அன்று மாலை தொலைபேசியில் அவரிடம் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

டெங்கு வைரஸ் ஒன்றல்ல, நான்கு. 1, 2, 3, 4 என்று எண்ணிட்டே அழைக்கிறார்கள். ஒரு வகை வந்து குணமானால், அந்த வகைக்கான எதிர்ப்புச் சக்தி நெடுங்காலம் உடம்பில் தங்கும். மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களில் கரைந்துவிடும். ஒரே பருவத்தில் ஒரே ஊரில் இரண்டு, மூன்று வகைகள் சேர்ந்து சுற்றும்போது, போன வருடம் படுத்த பிள்ளைக்கு இந்த வருடம் வேறு வகை வரலாம்.

இரண்டாவது முறை வரும்போதுதான் கடுமையாகும் ஆபத்து அதிகம். எங்கள் உயிரியல் ஆசிரியை இதை வகுப்பில் இப்படிச் சொன்னார்: பழைய காய்ச்சலில் உருவான எதிர்ப்பொருள் புதிய வகையைப் பிடித்துவிடும், ஆனால் அடக்காது. திருடனுக்கு விலங்கு மாட்டாமல் கைபிடித்து வீட்டுக்குள் கூட்டி வருவதைப் போல, நோய் எதிர்ப்பு செல்லுக்குள்ளேயே வைரஸைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அது அங்கேயே பெருகும். கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். கணக்கு ஆசிரியனாக எத்தனையோ எண்களைப் பார்த்தவன் நான். இந்த எண்ணைக் கடந்துபோக முடியவில்லை.

இரண்டு வகைகள் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு. 1982-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஒருவருடைய இரத்தத்தில் 1-ஆம், 4-ஆம் வகைகள் ஒன்றாக இருந்தது கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தட்டிவிட்டால் பறந்து அடுத்தவரிடம் உட்காரும். ஒரு பெஞ்சில் நான்கு பிள்ளைகள் என்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கமான என்எஸ்1 இரத்தப் பரிசோதனை டெங்கு உண்டா என்று மட்டுமே சொல்லும். எந்த வகை, ஒன்றா இரண்டா என்பதற்கு வைரஸின் மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனை வேண்டும். அதற்காக எல்லோரும் பிசிஆர் எடுக்க ஓட வேண்டாம். எந்த வகையானாலும் வைத்தியம் ஒன்றுதான்: நீர்ச்சத்து, மருத்துவர் கண்காணிப்பு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு ஏற்கெனவே வந்த பிள்ளை என்றால், எந்த வருடம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று காலையில் அனுப்பிவைக்கிறீர்கள். இரண்டாம் பாடவேளையில் பிள்ளை மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறது, தொட்டால் கை சில்லென்று இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், ஒரேயடியான சோர்வு, காரணமில்லாத சிடுசிடுப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்கள் பள்ளி மீதும் குறை இருக்கிறது. விளையாட்டுப் பொருள்கள் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பில் மழைநீர் நின்றிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைக் குவளையில் மொண்டு டார்ச் அடித்துக் காட்டினார்கள், கொசுப் புழுக்கள் வால் சுழற்றி நெளிந்துகொண்டிருந்தன. தினமும் அந்த வழியாகத்தான் நான் போகிறேன். விரிப்பை எடுத்தாயிற்று. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வளாகம் முழுக்கப் பார்ப்போம். வீட்டிலும் வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும்.

இந்தப் பருவம் முடியும்வரை முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அணியலாம், சீருடை நிறமாக இல்லாவிட்டாலும் கேட்கமாட்டோம். காய்ச்சல் விடுப்புக்கு வருகைப்பதிவில் குறை வைக்கமாட்டோம். விட்டுப்போன தேர்வுகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். கூடவே ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். பிள்ளைக்கு இதற்கு முன் டெங்கு வந்ததுண்டா, எந்த வருடம் என்று எழுதி, திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்த ஏழாம் வகுப்பு மாணவனுக்கு டெங்குதான். மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான். இதை எழுதலாம் என்று சொன்னதும் அவன் அம்மாதான்.