கவசம் அடியைத் தாங்கட்டும்: ஷேடோரன் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேட்டலிஸ்ட் கேம் லேப்ஸின் ஷேடோரன் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ஷேடோரன் மேசை ஆட்டத்தின் ஆறாம் பதிப்பில் விதிகளைக் குறைத்தீர்களே என்று சண்டைக்கு வரவில்லை. பக்கம்பக்கமாக நீண்ட திறன் பட்டியலை 19 ஆகச் சுருக்கியது நல்ல வேலை. ஒரு உருட்டலில் எத்தனை வெற்றி வரை எண்ணலாம் என்று கட்டிப்போட்ட ஐந்தாம் பதிப்பின் வெற்றி வரம்புகளை எடுத்ததும் நல்லதே. அவற்றுக்காக யாரும் அழவில்லை. கேட்பது ஒன்றுதான்: கவசம் அடியைத் தாங்கும் விதியை மூல விதிநூலுக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள்.

2019 ஆகஸ்டில் நூல் வந்தது. பிறகு பிழைதிருத்தங்கள் வந்தன, அவற்றைச் சேர்த்துக்கொண்ட சியாட்டில் பதிப்பும் வந்தது. கவச விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் ‘உடல்’ என்ற பண்பு 3 உள்ள மனிதன் 12 மதிப்புள்ள கவச ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறான். ஏரீஸ் பிரெடேட்டர் துப்பாக்கியின் ஊடுருவல் ஒன்றைக் கழித்தாலும் அடியைத் தாங்க அவனுக்கு 14 பகடை கிடைக்கும். 5 அல்லது 6 விழும் ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றி, ஒவ்வொரு வெற்றியும் சேதத்தில் ஒன்றைக் குறைக்கும்; ஆக, சராசரியாக ஐந்துக்குச் சற்றே குறைவான வெற்றி. ஆறாம் பதிப்பில் அவன் எதைப் போட்டிருந்தாலும் தாங்குவது உடலின் 3 பகடை மட்டுமே. சராசரி ஒரு வெற்றி. துப்பாக்கியின் சேதத்தையும் 8இலிருந்து 3ஆகக் குறைத்தீர்கள் என்பது தெரியும். ஆனால் அந்தக் குறைப்பு, கவசம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒன்றுபோலவே கிடைக்கிறது.

கவசத்துக்கு நீங்கள் விட்டுவைத்த ஒரே வேலை, எட்ஜ் ஒப்பீடு; எட்ஜ் என்பது சாதகத்துக்காகச் செலவிடும் புள்ளி. ஆயுதத்தின் தாக்கு மதிப்புக்கும், உடலும் கவச எண்ணும் சேர்ந்த காப்பு மதிப்புக்கும் 4 அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால், உயர்ந்த பக்கத்துக்கு ஓர் எட்ஜ். கிட்டத்தில் பிரெடேட்டரின் தாக்கு மதிப்பு 10. நம் மனிதன் வெறும் சட்டையோடு நின்றால் காப்பு 3, இடைவெளி 7; சுடுபவனுக்கு எட்ஜ். கவச உள்ளுறை வைத்த நீண்ட கோட்டைப் போட்டால் காப்பு 6, இடைவெளி 4. அப்போதும் அதே ஓர் எட்ஜ். ஆக, கோட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஜாக்கெட்டுக்கு மாறினால் காப்பு 7, எட்ஜ் இல்லை. முழுவுடல் கவசத்துக்குப் போனால் காப்பு 8. ஜாக்கெட்டைவிட இம்மியளவும் கூடுதல் பயன் இல்லை.

உடல் 9 உள்ள டிரோலை, அதாவது ஆட்டத்தில் வரும் பேருருவ இனத்தவனை, எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுடம்போடு காப்பு 9, ஜாக்கெட்டோடு 13. இரண்டிலும் யாருக்கும் எட்ஜ் கிடையாது, தாங்கும் பகடையும் அதே 9. அந்த ஜாக்கெட்டைக் கழற்றி வீசினாலும் இந்தத் துப்பாக்கிக்கு முன்னால் எதுவும் மாறாது. போதாததற்கு, ஒரு சுற்றில் இரண்டு எட்ஜுக்கு மேல் சேர்க்க முடியாது. சுடுபவன் ஏற்கெனவே இரண்டைப் பெற்றுவிட்டால் அந்தச் சுற்று முழுக்க எதிராளியின் கவசம் வெறும் துணிதான்.

இது எளிமை இல்லை. சுமை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு கவச எண்ணை ஒருமுறை கூட்டி எழுதிவைத்தால் போதும். இப்போது நான்கு ரன்னர்கள் (ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள்) ஆறு காவலர்களோடு மோதினால், ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு மதிப்புகளைக் கழித்துப் பார்த்து, பத்துப் பேரின் எட்ஜையும், இந்தச் சுற்றில் யார் எத்தனை சேர்த்தார்கள் என்பதையும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நினைவில் வைக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் ஓர் எட்ஜால் வாங்க முடிவது பெரும்பாலும் ஒரே ஒரு பகடையை மறுபடி உருட்டும் உரிமை.

வாளிலும் இதே கதை. ஐந்தாம் பதிப்பில் கத்தானாவின் சேதம் வலிமையோடு மூன்று. இப்போது வலிமை 2 உள்ளவன் வீசினாலும் 9 உள்ள டிரோல் வீசினாலும் அதே 4. குறை சொன்னவர்களை எல்லாம் மாற்றத்தைப் பொறுக்காத பழைய ஆட்கள் என்று ஒதுக்குவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. 2008இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இன்னொரு மேசை ஆட்டத்தின் நான்காம் பதிப்பு வந்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். மறு ஆண்டே அதன் பழைய விதிகளின் மேல் கட்டிய பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டம் வந்தது. ஆட்டக்காரர்கள் திரளாக அங்கே போனார்கள். அடுத்த பதிப்புக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பாளர்கள் 2012இலேயே வரைவு விதிகளைப் பொதுவில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். அச்சுக்கு முன் அப்படிக் கேட்டிருந்தால் மேலே சொன்ன டிரோல் கணக்கை யாராவது ஒருவர் ஒரே மாலையில் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருப்பார். அந்த மரியாதையை ஏன் எங்களுக்குத் தரவில்லை?

கோபம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறோம். கவச எண் முழுவதையும் தாங்கும் பகடையில் கூட்டச் சொல்லவில்லை. கூட்டினால் அந்த டிரோலுக்கு முழுவுடல் கவசத்தோடு 14 பகடை வரும். சேதம் 3 உள்ள கைத்துப்பாக்கி அவன்மேல் அநேகமாகப் பலிக்காது. பாதியைக் கூட்டினால் போதும், பின்னத்தை மேலேற்றி: கோட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் 2, முழுவுடல் கவசத்துக்கு 3. மனிதனின் 3 பகடை 5 ஆகும். சராசரியில் முக்கால் வெற்றிக்கும் குறைவாகவே கூடும். எட்ஜ் ஒப்பீட்டைத் தொடவே வேண்டாம். புதிய அட்டவணை எதுவும் தேவையில்லை, ஒரு வரி போதும்.

அந்த வரி, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் துணைநூலில் விருப்ப விதியாக இருந்தால் பயனில்லை. புதிதாக ஆட வருபவர் கையில் எடுப்பது மூல விதிநூலைத்தான். அடுத்த அச்சுக்கு முன் திருத்திய சண்டை அத்தியாயத்தை வரைவாக, இலவசமாக வெளியிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஆடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எண்களோடு எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஷேடோரன் ஆட்டக்காரர்கள் சிலர்