ரத்தக்கசிவைக் குறைக்க மருந்து இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம். கோடையில் ரத்த வங்கிகளில் இருப்பு குறைவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். கொடையாளர்கள் பெருக வேண்டும் என்பது சரிதான். ஆனால் அறுவை சிகிச்சையின்போது இழக்கும் ரத்தத்தைக் குறைப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. டிரானெக்சாமிக் அமிலம் 1960களில் ஜப்பானில் உத்தாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்த மருந்து. உறைந்த ரத்தக்கட்டி சீக்கிரம் கரைந்துவிடாமல் இது தடுக்கிறது. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இதயம் தவிர்த்த பிற அறுவை சிகிச்சைகளுக்கு வந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தார்கள். கடும் ரத்தக்கசிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. விலையும் அதிகமில்லை.

என் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றியபோது, இரண்டு யூனிட் ரத்தத்துக்காக இரவெல்லாம் அலைந்தோம். அப்புறம் இடது காலுக்கு வேறு மருத்துவமனையில், கத்தி வைக்கும் முன்பே இந்த ஊசியைப் போட்டார்கள். ஒரு யூனிட் கூடத் தேவைப்படவில்லை. ஒருவர் அனுபவம் ஆதாரமாகிவிடாது. ஆனாலும் அந்த இரவில் நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக்கூடாது. அறுவைக்கு முன் சரிபார்க்கும் பட்டியலில் ‘டிரானெக்சாமிக் அமிலம் தேவையா?’ என்ற கேள்வியை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் சேர்க்கலாம். வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, ரத்தக்குழாய் அடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவரே யோசித்து முடிவு செய்யட்டும்.

— ஒரு வாசகர், திருச்சி