மாட்டாஸ்பத்திரி அப்பாவுக்கு ஒரு குதிரைக் கடிதம்

ஃபோல்சம், கலிஃபோர்னியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் எதையும் சரியாகப் பேச முடியவில்லை. "பொட்டப்புள்ளையைக் குதிரை மேல ஏத்தி மலைக்கு அனுப்பறயா?" என்று அம்மா கேட்டதோடு சரி, உங்களிடம் போனையே தரவில்லை. அதனால்தான் கடிதம். மாட்டாஸ்பத்திரியிலேயே காலம் கழித்தவர் நீங்கள். படித்துவிட்டு நீங்களே அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள், நான் சொன்னால் எடுபடாது.

உங்கள் பேத்தி பாப்பா போக ஆசைப்படுவது 'எண்டூரன்ஸ்' என்கிற நெடுந்தூரக் குதிரைச் சவாரி. முதலில் இது கிண்டி ரேஸ் இல்லை. பந்தயம் கட்டுவது, சூதாட்டம் எதுவும் கிடையாது. ஜெயித்தாலும் காசு வராது. காட்டுப் பாதையில் 25 மைல், 50 மைல், 100 மைல் என்று தூரம் வைத்துக் குதிரையில் போக வேண்டும். 50 மைலுக்கு 12 மணி நேரம், 100 மைலுக்கு 24 மணி நேரம் கெடு. 'முடித்தாலே ஜெயித்த மாதிரி' என்பதுதான் இவர்களுடைய சங்கத்தின் கொள்கை வாக்கியமே.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஆபர்ன் என்று ஒரு சின்ன ஊர். இந்த விளையாட்டே அங்கிருந்துதான் வளர்ந்தது. 1955-இல் வெண்டல் ரோபி என்பவர், இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் 100 மைல் போகும் என்று காட்டுவதற்காக, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்னுக்கு வந்து சேர்ந்தார். டெவிஸ் கோப்பை என்று இன்றைக்கும் அது நடக்கிறது. விடிகாலை 5.15-க்குக் கிளம்பி மறுநாள் விடிகாலை 5.15-க்குள் வந்துவிட வேண்டும். இருட்டில் வழி தெரிய வேண்டும் என்பதால் கூடுமானவரை பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து வைப்பார்கள். வந்து சேர்ந்தவர்களுக்கு இடுப்புப் பட்டைக்கு ஒரு வெள்ளிக் கொக்கி. அவ்வளவுதான் பரிசு. கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முடிப்பதில்லை. குதிரை நொண்டிவிட்டால் என்ன செய்வது? கார்டி ஐன்ஸ்லி என்ற ஆள் 1974-இல் குதிரையே இல்லாமல் அந்த 100 மைலையும் தானே ஓடி முடித்துவிட்டார்! இன்றைக்கு அது தனி ஓட்டப்பந்தயமாகவே நடக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். பாப்பா குதிரை பழகுகிற வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், எழுபதைத் தொட்டவர். அவரும் பேத்தியும் சவாரி. மகன் டிரக்கில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருவார். மருமகளுக்குக் குதிரை என்றாலே பயம், ஆனால் தீவனம் ஊறவைப்பது, வாளி தூக்குவது, யாருக்கு எப்போது என்ன என்று நோட்டில் எழுதுவது எல்லாம் அவர்தான். போன மாதம் ஒரு 50 மைல் சவாரிக்கு நாங்களும் ஒத்தாசைக்குப் போயிருந்தோம். முதல் நாள் சாயங்காலமே மைதானம் பூரா டிரெய்லர்கள். நாய்கள், கைக்குழந்தைகள், மடக்கு நாற்காலிகள், ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவந்த சாப்பாடு. நம் அந்தியூர்க் குதிரைச் சந்தை மாதிரியேதான், தரகர்தான் இல்லை. உங்கள் மாப்பிள்ளை ராத்திரி பூரா தூங்கவில்லை, பக்கத்தில் கட்டியிருந்த குதிரை வைக்கோல் மெல்லுகிற சத்தமாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது டாக்டர் சோதனையை. வழியில் அங்கங்கே கால்நடை மருத்துவர்கள் நிற்கிறார்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 30, 40 இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சோதனைக்கு வந்த அரை மணி நேரத்துக்குள் அது 64-க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் வந்ததும் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் நெஞ்சிலும் தண்ணீர் ஊற்றி, சூடேறிய தண்ணீரை வழித்துவிட்டு மறுபடி ஊற்றுவார்கள். பாப்பா ஸ்பாஞ்சும் கையுமாக ஓடிக்கொண்டே இருந்தாள். அப்புறம் டாக்டர் ஈறை விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கிறார். தோளில் தோலைக் கிள்ளி விடுகிறார், நீங்கள் கன்றுக்குட்டிக்குச் செய்வீர்களே, அதேதான். விலாவின் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் இரைகிறதா என்று கேட்கிறார். கடைசியில் கயிற்றைப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்கிறார். தலை ஒரு தடவைக்கு மறு தடவை தாழ்ந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றையும் ஓர் அட்டையில் ஏ, பி, சி என்று குறிக்கிறார்கள். அவர் பேச்சுக்கு அப்பீல் இல்லை. எத்தனை பேர் உங்களிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள், 'இன்னும் ஒரு வாரம் உழவுக்கு ஓட்டிக்கறனுங்க' என்று! இங்கே ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானச் சோதனையில் பாட்டியின் குதிரைதான் மாட்டியது. முன்னங்கால் லேசாக நொண்டல். எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. பாட்டி அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இன்னொரு நாள் இருக்கிறது" என்று குதிரையை நிழலுக்குக் கூட்டிப்போய்விட்டார். சிக்கல் பேத்திக்கு. அவள் குதிரைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பதினாறு வயது ஆகாத பிள்ளை தனியாகப் போக முடியாது, பொறுப்பேற்ற பெரியவர் ஒருத்தர் வழி முழுக்கக் கூடவே வர வேண்டும் என்பது விதி. பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது பக்கத்தில் தன் குதிரைக்குக் கேரட் ஊட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், முன்பின் தெரியாதவர், "என்னோடு வா" என்றார். நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தவர். இந்தப் பெண்ணுக்காக மிச்ச வழி முழுவதும் அவள் வேகத்துக்கே வந்தார். சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் எல்லையைத் தொட்டார்கள். பாட்டி அங்கே வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "வந்ததும் குடித்தானா?" என்றுதான் முதலில் கேட்டார், பேத்தியைப் பற்றி அல்ல, குதிரையைப் பற்றி!

இதைத்தான் அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளையைத் தனியாக விடுவதே இல்லை. ஹெல்மெட் கட்டாயம். பாப்பா போகப் போவதும் வெறும் 25 மைல், பகலில், அந்தப் பாட்டியோடு. பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலைப்பாதை குறுகல்தான், குதிரையிலிருந்து விழுகிறவர்களும் உண்டு. டெவிஸுக்கு 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்தப் பேச்சை இப்போதைக்கு நம் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. (பாப்பா எடுக்கிறாள். நான் காதில் வாங்குவதில்லை.)

நீங்கள் இரண்டு பேரும் ஜூலையிலேயே வந்துவிட்டால் டெவிஸையும் பார்க்கலாம். ஃபாரஸ்ட்ஹில் என்ற இடத்தில் குதிரைகள் ஒரு மணி நேரம் கட்டாயமாக நின்று போகும், காரிலேயே போய்விடலாம். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள், பகலில் வெயில் கொளுத்தினாலும் மலையில் ராத்திரி குளிரும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பாப்பா கீழே தனியாக எழுதியிருக்கிறாள். தமிழில் பிழை இருந்தால் திருத்த வேண்டாம், படியுங்கள்.

உங்கள் மகள்

அப்புச்சி, அந்தக் குதிரை என் கையில இருந்து ஆப்பில் சாப்பிட்டுச்சு. அமுச்சிகிட்ட சொல்லுங்க, நான் கீழ விழ மாட்டேன். நீங்க வந்தா டாக்டருக்கு ஹெல்ப் பண்ணலாம்.