வண்டியை உயர்த்தும் முன் மூச்சுக்குழாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எஸ்யூவியைக் கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்வது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு கணக்குத் தப்பு, ஒரு பெரிய விடுபடல், ஓர் ஆபத்தான படம் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

முதலில் கணக்கு. வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பான லிஃப்ட் கிட்டை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் வண்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் கூடுதல் இடைவெளி கிடைக்கும் என்கிறது கட்டுரை. ஜிம்னி, ரேங்லர் போல முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தூக்குவது சேஸ் என்ற அடிச்சட்டத்தையும் பாடியையும்தான். ஆக்ஸில் நடுவே குடம்போல் தொங்கும், இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிபடுவதும் அதுதான். ஆக்ஸிலையே சக்கர மையத்துக்கு மேலே ஏற்றும் போர்ட்டல் ஆக்ஸில் போன்ற பெரிய வேலைகளை விட்டுவிட்டால், அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கைக்கு வரும். 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ.; 265/75 ஆர்16 சுமார் 804. ஆக்ஸில் ஏறுவது 34 மி.மீ. மட்டுமே. இந்த இரண்டு விரல் உயரத்துக்காக ஒவ்வொரு கியரும் 9 சதவீதம் நீண்டுவிடும், அதாவது இன்ஜினின் அதே சுற்றுக்கு வண்டி அவ்வளவு அதிக தூரம் போகவேண்டியிருக்கும். ஏற்றத்தில் இன்ஜின் திணறும், கிளட்ச் சீக்கிரம் தேயும். முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இனி 80 காட்டும்போது வண்டி 87-ல் போய்க்கொண்டிருக்கும்.

லிஃப்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் இருக்கவும், மேட்டில் வயிறு தட்டாமல் இருக்கவும் அது வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை வெளியே எடுத்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறைந்து ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (கோணத்தைத் திருத்தும் ரப்பர் உருளை) போட்டால் சரியாகும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸோடு பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு, வண்டி உயர்ந்ததும் ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை ராடு அதற்குத் தேவை. எல்லாம் முடிந்தபின் சேஸை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்க்கவேண்டும். பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் ஒயரோ விறைத்து நின்றால் அது முதல் பள்ளத்திலேயே அறுந்துவிடும்.

இனி விடுபட்டது. ஆக்ஸில், கியர்பாக்ஸ், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் மூச்சுக்குழாய், அதாவது உள்ளே உள்ள காற்று போய்வர வழிவிடும் பிரீதர், உண்டு. கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. ஒரு மணி நேரம் ஓடிய டிஃபரன்ஷியலும் உள்ளே உள்ள காற்றும் சூடாக இருக்கும். அப்படியே ஓடைக்குள் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். பிரீதரின் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் வருவது காற்று. முங்கியிருந்தாலோ சேறு அடைத்திருந்தாலோ, பிரீதர் வழியாகவோ, ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர்தான் உள்ளே வரும். அடைப்பு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தாண்டி வந்து பின் பிரேக்கை நனைக்கும். சீலை இரண்டு மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகளில் பிரீதரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

தீர்வுக்கு அதிகம் செலவில்லை. ஆயிலைத் தாங்கும் ரப்பர் ஹோஸ், நாலைந்து கிளிப், முனையில் ஒரு சின்ன ஃபில்டர். முன்பக்கத்து ஹோஸ்களை இன்ஜின் அறையின் உச்சிக்கும், பின் ஆக்ஸிலுடையதைப் பின்விளக்கு உயரத்துக்கும் ஏற்றவேண்டும். ஆக்ஸில் கீழே தொங்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும், ஆனால் நடுவில் தொங்கி வளையக்கூடாது. அந்த வளைவில் ஆயிலோ ஈரமோ தேங்கி மறுபடி அடைத்துக்கொள்ளும்.

ஆழமான நீரைக் கடந்து வந்த வண்டியை இரவு முழுக்கச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் முதலில் டிஃபரன்ஷியலில் மேலே உள்ள, ஆயில் ஊற்றும் ஃபில் பிளக் திறக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு (அது இறுகிப்போயிருக்க, ஆயிலை வடித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு), கீழே உள்ள, ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கை அரைச் சுற்று, ஒரு சுற்று என்று தளர்த்துங்கள். தண்ணீர் கனம், அடியில் நிற்கும், முதலில் அதுதான் சொட்டும். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் ஏற்கெனவே கலந்துவிட்டது என்று அர்த்தம். மொத்தத்தையும் மாற்றவேண்டும், கொஞ்சம் வடித்து மேலே ஊற்றினால் போதாது. கூடவே ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்களில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் வாய்) இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

ஸ்நார்கெல் விஷயத்தில் ஒன்றுதான். அது இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாயை உயர்த்துகிறதே தவிர, நடுவில் உள்ள இணைப்புகளை அடைப்பதில்லை. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஸ்நார்கெல் வாயைக் கெட்டியான பலகையால் மூடுங்கள். இன்ஜின் திணறி அணையவேண்டும். சாவகாசமாக ஓடிக்கொண்டே இருந்தால் கீழே எங்கோ காற்று புகுகிறது. காற்று புகும் இடத்தில் தண்ணீரும் புகும்.

டயர் காற்றுக்குக் கட்டுரை ஒரே வரி ஒதுக்கியிருக்கிறது. பணம் செலவழிக்கும் முன் செய்யவேண்டிய வேலை அதுதான். தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ வைக்கும் வண்டிக்குக் கல்பாதையில் 22 - 25, தளர்ந்த மணலில் 15 - 18 என்று தொடங்கலாம். டயர் அகலமாகிறது என்பார்கள். உண்மையில் தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் வேகமும் திடீர் வளைப்பும் கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலையை மிதிக்கும் முன் திரும்பக் காற்றடிக்க கம்ப்ரஸர் கையில் இருக்கவேண்டும்.

கடைசியாக அந்தப் படம். சேற்றில் சிக்கிய வண்டியின் பின்னால் உள்ள டோ பாலில் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) இழுவைப் பட்டையை மாட்டியிருக்கிறார்கள். டோ பால் டிரெய்லரைச் சீராக இழுப்பதற்கானது. சிக்கிய வண்டியைப் பிடுங்கும் அதிர்வுக்கு அல்ல. இழுபட்டு நீளும் நைலான் பட்டையில் தேங்கிய விசையோடு அது உடைந்தால் எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸில் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே தரம் குறித்த கொக்கியில், தாங்கும் வேலைச்சுமை பொறித்த ஷாக்கிளைத்தான், அதாவது குறுக்கே முள் போட்டு மூடும் இரும்பு வளையத்தைத்தான் (முள் அல்ல, உடல் 19 மி.மீ. தடிமன் உள்ள வில் ஷாக்கிளில் வழக்கமாக 4.75 டன் என்றிருக்கும்) மாட்டவேண்டும். வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ கட்டி அனுப்பப் பயன்படும் மெல்லிய வளையங்களும் இதற்கு உதவாது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படத்தைக் குறித்தாவது ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மற்றவை தாமதமானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்