எங்கள் ஆயாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியின், பதினாறாம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு மர்பி டவுன் வீட்டில் நல்லபடியாக முடிந்தது. நேரில் வந்தவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், பந்தலுக்கு நாற்காலி இறக்கியதில் தொடங்கி கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறியவர்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “இரும்பு மனுஷிம்மா அவங்க.” அன்பில் சொன்னதுதான். ஆனாலும் ஆயாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த எனக்கு அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. ஆயா இடிந்துபோய் உட்கார்ந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் யாரோ ஒருவர் வந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள், வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். அவர்களை ஆயா கடைசி வரை மறக்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது மாரியம்மன் பெயரோடு சேர்த்து அவர்கள் பெயரையும் முணுமுணுப்பார். இந்த மடல் அவர்களுக்குத்தான். பொதுவில் பெயர் போடுவதை அவர்களில் பலர் விரும்ப மாட்டார்கள். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதலில், கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் இருந்த பெண்களுக்கு.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. 3 கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம் அது. அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாரத்தை எல்லாம் தாங்கிக்கொண்டிருக்கும் பாறை, தோண்டத் தோண்ட ஒரு கட்டத்தில் தானாக வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். கீழே வெடித்தால் மேலே வீடு குலுங்கும். அன்று மத்தியானம் அலமாரியிலிருந்து பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்ததையும், பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்றதையும் ஆயா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். யாரும் பேசவில்லையாம். எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஒருவர் கீழே இருந்தார். சாயங்காலம்தான் யார் வீடு என்று தெரிந்தது.

ஆயாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை, என் சித்தப்பா, கைக்குழந்தை. லைனில் இருந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு சமைத்துக் கொண்டுவந்தார்கள். “மாசக்கணக்கா என் அடுப்பு பத்தலடி” என்பார் ஆயா. ஆயாவுக்கு அதிர்ச்சியில் பால் வற்றிப்போக, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த ஒரு தாய் சித்தப்பாவுக்கும் சேர்த்துப் பால் கொடுத்திருக்கிறார். அந்தத் தாயே, நீங்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் பால் கொடுத்த பிள்ளை இன்று பேரன் எடுத்துவிட்டார். ஆயாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான்.

அங்கிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வந்த பிறகு ஊதுவத்தி உருட்டும் வேலை. கரித்தூளையும் பசைக்கான ஜிகட் பொடியையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பலகையில் மூங்கில் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பு. ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. குச்சி ஒடிந்தாலோ மாவு குறைந்தாலோ கணக்கில் கழித்துவிடுவார்கள். ஆயாவின் விரல் ரேகைகளில் கரி நிரந்தரமாகத் தங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எங்களுக்குச் சோறு பிசைவார். அப்படியும் சோற்றில் லேசாக ஊதுவத்தி வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும்.

வந்த ஒரு வருடத்துக்குள் நடுப் பெண்ணை, என் அத்தையாக இருந்திருக்க வேண்டியவரை, மஞ்சள் காமாலை கொண்டுபோனது. அதைப் பற்றி ஆயா அதிகம் பேசியதில்லை. அதனால் நானும் அதிகம் எழுதவில்லை. புதைக்கப் பணமில்லாமல் நின்றபோது, மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்ற அம்மா அன்றைய வியாபாரப் பணத்தை அப்படியே மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும். பிறகு திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டாராம். அவருடைய மகள் இன்றும் அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். ஆயாவின் கடைசி மாலைக்கு அவரும் காசு வாங்கவில்லை. அக்கா, உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது.

எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் இந்த நகரத்தில் தமிழர்கள் மீது வன்முறை பாய்ந்தது. எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். ஆயாவுக்குப் போக ஊரில்லை. எதிர் வீட்டு அம்மா தன் வீட்டுச் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடியை எடுத்துவந்து எங்கள் கதவில் கட்டிவிட்டு, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கும்பல் ஒன்று வந்து விசாரித்தபோது “ஈ மனே நம்மதே”, இந்த வீடு எங்களுடையதுதான், என்று ஒரே வார்த்தை. அன்று ராத்திரி ஆயாவும் அப்பாவும் சித்தப்பாவும் அவர்கள் வீட்டுப் பூஜையறையில்தான் படுத்தார்கள். இங்கே தமிழரும் கன்னடரும் எப்படி வாழ்கிறார்கள் என்று யாராவது தூரத்திலிருந்து கேட்டால் நான் அந்த முக்காலியைத்தான் சொல்வேன். அந்த அம்மா இப்போது இல்லை. காரியத்தன்று அவருடைய மருமகள் ஆயாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்.

அடுத்தது எழுதக் கஷ்டமானது. 2021 மே மாதம், கோவிட் இரண்டாவது அலையில் அப்பா போனார். ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்ததை எல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தச் சமயத்தில் பெங்களூரில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மயானங்களில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றன. ஊருக்கு வெளியே தாவரெகெரே பக்கம் திறந்த வெளியில் தகன மேடைகள் போட்டார்கள். அப்பாவுக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய ஆயாவை அழைத்துப்போக வழியே இல்லை.

அன்று உடலைத் தூக்கியவர்கள் தன்னார்வலர்களாக வந்த முஸ்லிம் இளைஞர்கள். ரமலான் நோன்பு. அந்த வெயிலில், உடம்பு முழுக்க மூடிய பிளாஸ்டிக் உடையில், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். அதில் ஒரு தம்பி தன் போனில் வீடியோ கால் போட்டு ஆயாவிடம் அப்பாவின் முகத்தைக் காட்டினார். “என்ன செய்யணும் சொல்லுங்கம்மா, நான் செய்யறேன்” என்று கேட்டார். “விபூதி போடு கண்ணு” என்றார் ஆயா. என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கி, பிரித்து, உடலை மூடியிருந்த பையின் மேல் மெதுவாகத் தூவினார். ஆயா பார்க்கும் வரை போனைத் திருப்பவே இல்லை.

தம்பி, உங்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை, கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஆயா பல நாள் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது உங்களைத்தான்: “அந்தப் பையன் நோன்பு திறந்தானா?”

அப்பாவின் கண்களையாவது யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்ற குறை ஆயாவுக்கு இருந்தது. கோவிட் என்பதால் முடியாது என்று புரியவைத்தோம். அதே வருடம் அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மறைந்து, அவருடைய கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்ததை டிவியில் பார்த்தார். “எனக்கு வயசாயிடுச்சே, என் கண்ணு ஆகுமா?” என்று கேட்டார். ஆகும். வயது தடையில்லை. ஆயாவைப் போல் கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்களும் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியது கருவிழியைத்தான்.

ஆயா விடிகாலையில் போனார். நாங்கள் கதறிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு நர்ஸ் அக்கா இறங்கி வந்து, மின்விசிறியை நிறுத்தி, ஆயாவின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்துவிட்டு, கண் வங்கிக்கு அவரே போன் செய்தார். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவர்கள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். வீட்டிலேயே, அரை மணி நேரத்துக்குள் முடித்தார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பணம் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்முன் ஆயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நர்ஸ் அக்கா, கடைசி மூன்று மாதம் டியூட்டி முடிந்து வந்த களைப்போடு ஆயாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும் நீங்கள்தான். நன்றி என்ற வார்த்தை போதவில்லை.

நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், கடனுக்கு மருந்து கொடுத்த மெடிக்கல் கடைக்காரருக்கும், தப்பட்டை அடித்த பிள்ளைகளுக்கும், கல்பள்ளி மின்மயானத்தில் எங்களை அவசரப்படுத்தாமல் அழவிட்ட ஊழியர்களுக்கும் நன்றி. மாமியாரை அம்மா என்றே கூப்பிட்டுக் கடைசி வரை தாங்கிய என் அம்மாவுக்கு இங்கே நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

வரும் ஆடி மாதம் மாரிக்குப்பத்தில் ஆயாவின் பெயரில் கூழ் ஊற்ற முடிவு செய்திருக்கிறோம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகும் பழைய குடும்பங்கள் சில இன்னும் அங்கே இருக்கின்றன. அந்த லைனில் இருந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் கட்டாயம் வர வேண்டும். சித்தப்பா தன்னோடு பால் குடித்த அந்த அண்ணனையோ அக்காவையோ தேடிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
ஆயாவின் மூத்த பேத்தி
மர்பி டவுன், பெங்களூரு