சமையலறை கொடுக்கிறீர்கள், மிச்சத்துக்கு என்ன வழி?

ஏலகிரி, ஜவ்வாது மலை, ஏற்காடு, கொல்லிமலை பகுதிகளில் சமையலறையோடு பண்ணை வீடு வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக உங்கள் வீடுகளுக்கு வருகிறவர்கள் நாங்கள். ஒரு வேனுக்குப் பதினைந்து, இருபது பேர் இருப்போம், பாட்டியிலிருந்து கைக்குழந்தைவரை. மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. அதோடு எங்கள் ஆட்களுக்கு எங்கள் கைக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அதனால் தேக்சா, மசாலா, கருவாடு, ஐஸ் பெட்டியில் மீன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் மலையேறுவோம். "நீங்களே சமைத்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் போடும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வீட்டைப் பிடிக்கிறோம். அடுப்பைக் காட்டிவிட்டால் அந்த வரி நிறைவேறிவிடாது. சமைத்த பிறகு மிஞ்சுவது எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பில்தான் வருகிறது.

இருபது பேருக்குப் பிரியாணி என்றால் இரண்டரை கிலோ அரிசி, மூன்று கிலோ கறி. எலும்பு, வெங்காயத் தோல், பச்சடி மிச்சம், வாழை இலை என ஒரு வேளைக்கே பெரிய பக்கெட் நிரம்பிவிடும். இதற்குப் பல பண்ணைகளில் இருக்கும் ஒரே ஏற்பாடு வேலி ஓரத்துக் குழி. அதற்கு மூடி கிடையாது. முதலில் நாய் வரும், பின்னாலேயே காட்டுப்பன்றி வந்து குழியைக் கிளறும். தினமும் தீனி கிடைக்கும் இடத்தில் நாய்கள் நிரந்தரமாகத் தங்கிவிடும். சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. நாய் பெருகிய பண்ணையைத் தேடி அது வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கரடியின் விஷயம் இன்னும் மோசம். அதற்கு மோப்பம் கூர்மை, கண் பார்வை மந்தம். பலாச்சக்கை, வாழைப்பழத் தோல், வெல்லப்பாகு வாசனை பிடித்து இருட்டில் வரும். மூக்கைத் தரையில் வைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது ஆள் கிட்டே வருவது அதற்குத் தெரியாது. தெரிந்ததும் மிரண்டுபோய் முகத்தில் பாயும். விடிவதற்கு முன் பக்கெட்டைக் கொட்டப் போகிறவர் எங்கள் வீட்டுப் பெண்ணாகவோ உங்கள் காவலாளியாகவோதான் இருப்பார்.

சோற்றுப் பருக்கைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலியின் மேல் ஒட்டிவரும் நுண்ணிய உன்னியின் குஞ்சுகள் புல்லிலும் புதரிலும் தங்கி, அங்கே உட்காருகிறவர்களைக் கடிக்கும். உன்னிக்காய்ச்சல் பரவுவது இப்படித்தான். திறந்த குழி ஒன்று இருந்தால் போதும், இத்தனையும் வந்து சேரும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் செங்கல் கட்டிய குழி இரண்டு போடுங்கள். ஒன்று நிரம்பினால் மற்றதைத் திறக்கலாம். இரும்புச் சட்டத்தில் வெல்டு மெஷ் அடித்து, கொண்டி போட்ட மூடி இருக்கட்டும். வெறும் தகரத்தைப் போட்டுக் கல் வைத்தால் பன்றி மூக்கால் தள்ளிவிடும். காய்கறிக் கழிவு மட்டும்தான் அதில் போக வேண்டும். ஒவ்வொரு முறை கொட்டியதும் அதே அளவுக்குச் சருகோ மண்ணோ மேலே போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும், ஈ மொய்க்கும். எலும்பு, மீன் செதில், எண்ணெய்ச் சட்டிக் கழுவல் குழிக்குள் போகவே கூடாது. அவற்றை இறுக்கமான மூடி உள்ள டிரம்மில் போட்டு, ராத்திரி பூட்டிய அறைக்குள் வைத்து, காலையில் ஊராட்சி வண்டியிலோ கீழே போகும் வண்டியிலோ அனுப்புங்கள். பிளாஸ்டிக்கை நாங்களே வேனில் திருப்பி எடுத்துப் போகிறோம். வந்ததும் கையில் இரண்டு சாக்கு கொடுத்தால் போதும்.

எங்கள் பங்கும் உண்டு. மீனைக் காசிமேட்டிலேயே செதில், குடல் எடுத்துக் கழுவி, ஐந்து கிலோ மீனுக்கு ஐந்து கிலோ ஐஸ் என்ற கணக்கில் அடுக்கி எடுத்து வர வேண்டும். வழியில் உருகும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், அதில் ஊறினால் மீன் கெட்டுவிடும். ஆனால் அந்தத் தண்ணீரை உங்கள் முற்றத்தில் ஊற்றுவது தவறு. அதை எங்கே ஊற்றலாம் என்று வந்த உடனே காட்டுங்கள். யாரும் காட்டாதபோது ஆட்கள் வாசலில்தான் ஊற்றுவார்கள்.

அடுத்து குரங்கு. சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் குரங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ் வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் போடுங்கள். கையில் இரண்டு பாத்திரத்தோடு வெளியே போகிறவர் கதவைத் திரும்பிச் சாத்த மாட்டார், அந்த அரை நிமிடம் குரங்குக்குப் போதும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டுவதைத் தடுக்க வேண்டியது நாங்கள். கீறலோ கடியோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போக வேண்டும். ஊசி கையிருப்பில் உள்ள பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். சமையல், பாத்திரம், குளியல், கழிப்பறை எல்லாம் சேர்த்து எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் தலைக்கு 70 லிட்டர் ஆகும். இருபது பேருக்கு நாளைக்கு 1,400 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று மட்டும் இருந்தால் சாயங்காலம் குழாய் காற்று விடும். கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. டேங்க் அளவை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டால் அதற்கேற்ற ஆட்களோடு வருவோம்.

வீட்டு உபயோக இரட்டை அடுப்பில் பெரிய தேக்சா நிற்காது, சாயும். கால் அகலமான வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று வையுங்கள். ஏலகிரியில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்கே கொதித்துவிடுகிறது, ஏற்காட்டில் 95. திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் வேகாமல் அடம்பிடிப்பது அதனால்தான். பெரிய குக்கர் ஒன்று இருந்தால் கேஸ் பாதி மிச்சம். விறகு அடுப்புக் கேட்பவர்களுக்குக் கீழிருந்து வாங்கிய சவுக்கு விறகைக் கொடுங்கள். காட்டில் பொறுக்கச் சொல்லி அனுப்ப வேண்டாம், அது குற்றம். அடுப்பு போடும் இடத்துக்கு மேலே, பக்கத்து மரத்தில், தண்ணீர் டேங்கின் அடியில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று நீங்கள் முதலில் பாருங்கள். புகையும் பட்டாசும் பட்டால் கூடே கிளம்பிவிடும். அப்போது அடித்து விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்குள்ளோ வேனுக்குள்ளோ ஓட வேண்டும்.

நடைக்கு வருவோம். பையன் ஒருவனைக் கூட அனுப்பி "காட்டுக்குள் அருவி பார்த்துட்டு வாங்க" என்பதை நிறுத்துங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2024இல் அரசே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது, விருப்பப்படுவோரை அங்கே திருப்பிவிடுங்கள். பாட்டியும் பிள்ளைகளும் நடக்க உங்கள் மிளகுக்கொடிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே புல் செதுக்கிய ஒரு பாதை போதும். வெயில் நன்றாக ஏறியபின் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டுமாடு நிற்கும். ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள், தலையைத் தாழ்த்திச் சீறினால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். ஸ்பீக்கர் பாக்ஸை உள்ளே வைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

திரும்பிப் போகும் ஒவ்வொரு வேனுக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள். மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெருமுனை டாக்டரிடம் போனாலும் மலைக்குப் போய்வந்ததைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கட்டும். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும், உன்னிக்காய்ச்சலை யாரும் யோசிக்க மாட்டார்கள். உன்னி கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய புண் அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும், வலிக்காது, தேடினால்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும், விட்டால் நுரையீரல்வரை போகும்.

குழிக்கும் மெஷ்ஷுக்கும் டேங்குக்கும் ஆகும் செலவை வாடகையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்ன காரணத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று சொன்னால் தருவோம். கோடை விடுமுறைக்கு மார்ச்சிலேயே வீடு பேசத் தொடங்குவோம். டேங்க் எத்தனை லிட்டர், அடுப்பு எப்படிப்பட்டது, குழிக்கு மூடி உண்டா, தடுப்பூசி எங்கே கிடைக்கும் என்ற நான்கு கேள்விகளை இனி முதல் போனிலேயே கேட்போம்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து குடும்பங்களோடு மலைக்கு வரும் நாங்கள்